வீட்டில் நாய் இல்லை

உண்ணி பிடுங்குவதில் என் வீட்டுக்காரர் குமரகுருவை மிஞ்ச பிள்ளையார்பாளையத்தில் ஆள் கிடையாது. சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் ஒரு டம்ளர் டீயோடு பின்வாசல் படியில் உட்காருவார். புட்டா ஓடி வந்து அவர் மடியில் தலையை வைத்துக்கொள்ளும். காது மடல், கழுத்து, விரல் இடுக்கு என்று தடவித் தடவிப் பார்த்து, அறுந்த இழையைத் தேடுகிற அதே நிதானத்தோடு ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்குவார். இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்குவார். பட்டென்று ஒரு சத்தம் வரும். ரத்தத்தை லுங்கியில் துடைத்துக்கொள்வார்.

"அந்த லுங்கிய தொவைக்கிறவ நானு. கொஞ்சமாவது அருவெறுப்பு இருக்குதா உங்களுக்கு?" என்று கத்துவேன்.

"முப்பத்தி நாலு சங்கீதா இன்னைக்கு" என்பார், ஏதோ பெரிய சாதனை போல.

புட்டா என்று பெயர் வைத்தவரும் அவர்தான். உடம்பு முழுக்க வெள்ளை, முதுகில் ஒரே ஒரு பழுப்பு வட்டம். சேலை உடலில் ஒற்றைப் புட்டா போட்ட மாதிரி இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழையில் நனைந்துகொண்டு கிடந்ததை எங்கள் மகள் அகிலா பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் அதற்குப் பிடித்த இடம் தறிக்குழி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பதற்காகத் தரையில் வெட்டிய பள்ளம் அது. சித்திரை வெயிலிலும் அங்கே ஜில்லென்று இருக்கும். அவர் மேலே உட்கார்ந்து நெய்ய, அது கீழே அவர் காலடியில் சுருண்டு தூங்கும். ஒரு நாளும் வாலை மிதித்ததில்லை. உடலையும் கரையையும் தனித்தனி நூலில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடாவை, ஊடை நூலைக் கொண்டு போகிற அந்தக் கட்டையை, போடுவது நான். அவர் என்னோடு பேசியதைவிட அந்த நாயோடு பேசியதுதான் அதிகம்.

இந்தச் சித்திரையில் அது சோறு தின்னாமல் படுத்துவிட்டது. ஈறெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். தினேஷ் என்று ஒரு சின்ன வயசு டாக்டர், ஊசி போட்டு மாத்திரை கொடுத்துப் பிழைக்க வைத்தார். எங்கே படுக்கும் என்று கேட்டார். தறிக்குழியில் என்றேன். அவர் முகம் மாறி, ஒரு மருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

"நாய்மேல நீங்க பாக்குறது கொஞ்சம்தான்மா. மீதி பூரா செவுத்து வெடிப்புலயும் குழி ஓரத்துலயும் முட்டை வச்சிக்கினு இருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டா பத்தாது. இத தண்ணியில கலந்து குழியில அடிங்க, செவுத்துல அடிங்க. பதினஞ்சு நாள் கழிச்சு திரும்ப அடிங்க. கையால நசுக்கவே நசுக்காதீங்க, இடுக்கியில புடுங்கி சோப்புத் தண்ணியில போடுங்க. இதால மனுஷங்களுக்கும் காய்ச்சல் வரும்."

அத்தனையையும் காதில் வாங்கிக்கொண்டேன். எனக்குத் தெரியாது என்று இன்று யாராவது எனக்காகப் பேச வந்தால் அது பொய். நாயை இரண்டு தடவை அந்த மருந்தில் குளிப்பாட்டினேன். குழியில் அடிக்கவில்லை. தறியில் பாதிச் சேலை இருந்தது. ஒரு சொட்டு பட்டாலும் ஜரிகை கறுத்துப்போகும், பட்டில் அந்த நாற்றம் ஏறினால் போகாது. இந்தச் சேலை இறங்கட்டும், அப்புறம் அடிக்கலாம் என்றார் அவர். சேலை இறங்கிய அன்றே அடுத்த சேலைக்கான நீள நூலை, அந்தப் பாவைத் தறியில் பிணைக்க ஆள் வந்துவிட்டான். எங்கள் வீட்டில் தறி சும்மா இருந்த நாளே கிடையாது. நசுக்காதீங்க என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "அவரு படிச்சவரு, அப்படித்தான் சொல்லுவாரு" என்று சிரித்தார்.

ஆனி பிறந்ததும் எங்களுக்குப் பாவு கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி வீரபாகு வந்தார். அவருடைய மகள் அபிநயாவுக்கு ரொம்பச் சிக்கலான பிரசவம், தாயும் பிள்ளையும் பிழைத்தால் தெரு அம்மனுக்கு ஒரு சேலை சாத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தார். பிழைத்துவிட்டார்கள். ஆடி மூன்றாம் வெள்ளிக்கு அம்மன் உடம்பில் சேலை ஏற வேண்டும். அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. ஊரில் எத்தனையோ தறி இருக்க, அதை எங்களிடம் கொடுத்தார். என் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மனுக்கு நெய்கிற சேலை என்றால் எங்கள் பக்கம் சில முறைகள் உண்டு. சேலை இறங்கும்வரை வீட்டில் கறி, மீன், முட்டை கூடாது. தலைக்குக் குளிக்காமல் தறியில் உட்காரக் கூடாது. காலையில் விளக்கேற்றிவிட்டுத்தான் முதல் நாடா. தறி வீட்டுக்குள் நாய் நுழையவே கூடாது. அது யாரும் எழுதி வைத்ததில்லை, எல்லாருக்கும் தெரியும்.

"நாய் ஒன்னு வச்சிருந்தியேப்பா?" என்று முதலாளி கேட்டார்.

"குடுத்துட்டோம் முதலாளி" என்றார் இவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். புட்டா அந்த நேரம் தெருக்கோடியில் திரிந்துகொண்டிருந்தது.

முதல் இரண்டு நாள் பின்னால் முருங்கை மரத்தில் கட்டி வைத்தோம். தெருவே எழுந்து வந்து கேட்கிற அளவுக்கு ஊளையிட்டது. மூன்றாம் நாள் அகிலாதான் பொறுக்க முடியாமல் அவிழ்த்துவிட்டாள். நேராகக் குழிக்குள் போய்ப் படுத்தது. நான் பார்த்தேன், அவர் பார்த்தார், இரண்டு பேரும் அதை விரட்டவில்லை. முதலாளி வருகிற வண்டிச் சத்தம் கேட்டால் அகிலா அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் காந்தாவிடம் ஓடிவிடுவாள். நினைத்தால் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. செவ்வாய் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு நெய்தார். புதன்கிழமை எழுந்திருக்க முடியவில்லை, தலை பிளக்கிறது என்றார். வியாழன் காலை மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. சாயங்காலத்துக்குள் உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் பரவிவிட்டது. காந்தா எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, அம்மாவே வந்துட்டா. அவ சேலைய நெய்யறப்போ அவளே வராம வேற யாரு வருவா?"

அம்மை என்று நம்பினோம். நம்பினோம் என்ன, எனக்குப் பெருமையாகவே இருந்தது. வாசலில் வேப்பிலை செருகினேன். அம்மைக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று, இருந்த மாத்திரையையும் நிறுத்தினேன். இளநீரும் கேழ்வரகுக் கூழும் கொடுத்தேன். சனிக்கிழமை காலை அவர் என்னைப் பார்த்து, "நாடாவ போடு, நாடாவ போடு" என்று கத்தினார். பாய்மேல் படுத்துக்கொண்டே கால் இரண்டும் மிதியை மிதித்துக்கொண்டிருந்தன. காந்தாவின் புருஷன் அருள் தன் லோடு ஆட்டோவில் அவரைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

காந்தா போனில் சொல்லியிருந்தாள், எங்களுக்கு முன்னால் முதலாளி அங்கே நின்றுகொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி. யார் யாரிடமோ பேசிக் கட்டில் வாங்கினார், ரத்தம் எடுக்க ஆளைக் கூப்பிட்டார், எனக்கு இட்லி வாங்கி வந்து சாப்பிடச் சொன்னார். நல்ல மனுஷன். அதுதான் என்னைக் கட்டிப் போட்டது.

டாக்டர் பிரியதர்ஷினிக்கு முப்பது வயதுகூட இருக்காது. என் வீட்டுக்காரர் உள்ளங்கையை விரித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இது அம்மை இல்லமா. அம்மை இப்படி உள்ளங்கையில, உள்ளங்கால்ல கூடி வராது" என்றாள். நர்ஸ் மேரி லுங்கியை ஒதுக்கிக் காலைப் புரட்டினாள். வலது முழங்காலுக்குப் பின்னால், ஒரு மிளகு அளவுக்குக் கறுத்த பொருக்கு. சுற்றிலும் சிவந்திருந்தது.

"டாக்டர், இத பாருங்க" என்றாள் மேரி.

டாக்டர் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னிடம் கேட்டாள். "வீட்ல நாய் இருக்குதாமா? உண்ணி ஏதாச்சும் கடிச்சுதா?"

முதலாளி என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் அம்மன் கோவில் குங்குமப் பொட்டலம். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு என்னவெல்லாம் ஓடியது தெரியுமா? அம்மன் சேலை நெய்கிற குழியில் நாயைப் படுக்க வைத்தவள் என்று தெரு முழுக்கத் தெரிந்துபோகும். இவர் இனி எங்களை நம்பிப் பாவு கொடுக்க மாட்டார். ஏன், என் வீட்டுக்காரர் இவர் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னதும் வெளியே வரும், அதுவும் இப்படிக் கிடக்கிற நேரத்தில். கால்நடை டாக்டர் சொன்னதும் ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. ஒரு உண்ணியா ஆளைக் கொல்லப் போகிறது என்று நினைத்தேன்.

"வீட்ல நாய் இல்ல டாக்டர்" என்றேன்.

"அப்போ இந்தக் காயம்?"

"அது தறிக்குழி விளிம்பு உரசி உரசி வர்ற காப்பு. எல்லா நெசவாளிக்கும் இருக்கும்."

முதலாளியும் தலையை ஆட்டினார். "ஆமாம்மா, எங்க ஆளுங்க எல்லாருக்கும் கால்ல அப்படி இருக்கும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படி ஒரு காப்பு எல்லாருக்கும் உண்டு, இவருக்கும் உண்டு, ஆனால் அது தொடையின் அடிப்பக்கத்தில். முழங்காலுக்குப் பின்னால் அல்ல. பதினெட்டு வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அது தெரியாதா? ஊரெல்லாம் டெங்கு என்று அந்த வாரம் வார்டு நிறைந்து கிடந்தது. டாக்டர் இன்னொரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, டெங்குவுக்குப் பரிசோதனை எழுதினாள்.

மத்தியானம் முதலாளி சொன்னார், "நான் போயி தறிய ஒரு வேட்டி போட்டு மூடிட்டு வரேம்மா. தூசி படியக் கூடாது." நான் வராந்தாவுக்கு ஓடிக் காந்தாவுக்குப் போன் செய்தேன். நாயை உடனே எங்கேயாவது கொண்டு போய் விட்டுவிடச் சொன்னேன். எங்கேயாவது என்றால் எங்கே அக்கா என்று கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத தூரம் என்றேன். அகிலா போனைப் பிடுங்கி அழுதாள். "அப்பா எழுந்து வந்து கேட்டா இன்னாமா சொல்றது?" என்றாள். வாயை மூடு என்று வைத்துவிட்டேன். அருள் புட்டாவை ஒரு கோணிப்பையில் போட்டுத் தென்னேரிக்குக் கொண்டு போய் ஏரிக்கரையில் அவிழ்த்துவிட்டு வந்தான். வண்டிக்குப் பின்னால் ரொம்ப தூரம் ஓடி வந்ததாம். அதை அவன் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

அகிலா அன்று முதல் தறி வீட்டில்தான் படுத்தாள். குழி ஓரத்தில், புட்டா படுத்திருந்த அதே சாக்கின்மேல். காந்தா எவ்வளவோ கூப்பிட்டும் போகவில்லை. நாயைத்தானே அனுப்பினேன். குழியில் இருந்தவை எல்லாம் அங்கேயேதான் இருந்தன. மூன்று ராத்திரியும் அவற்றுக்கு அவள்தான் கிடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டெங்கு இல்லை என்று முடிவு வந்தது. அவருக்குச் சிறுநீர் இறங்கவில்லை. மூச்சு வாங்கியது. வேறு வார்டுக்கு மாற்றிக் குழாய் வைத்தார்கள். விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. என்ன காய்ச்சல் என்று பிடிபடவில்லை என்றாள் டாக்டர். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே, அந்தப் பயம். பயம் என்று சொல்வதுகூட எனக்கு நானே கொடுத்துக்கொள்கிற சலுகை. மானம் போய்விடுமே என்றுதான் இருந்தேன்.

திங்கட்கிழமை காலை டாக்டர் வராந்தாவில் என்னைத் தாண்டிப் போனாள். முதலாளி எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாய் இருக்குது டாக்டர். தறிக்குழியிலதான் படுக்கும். உண்ணிய அவரு நகத்தால நசுக்குவாரு. தெனமும்."

"அன்னைக்கே கேட்டேனேமா" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. உள்ளே ஓடினாள். மேரியிடம் ஏதோ மருந்தின் பெயரைச் சொல்லி உடனே ஏற்றச் சொன்னது காதில் விழுந்தது. ஒன்றும் அபூர்வமான மருந்து இல்லையாம். எல்லா ஆஸ்பத்திரி அலமாரியிலும் இருக்குமாம்.

முதலாளி பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே வந்து என் முன்னால் நின்றார்.

"இதுக்காம்மா மறைச்ச?"

"அம்மன் சேலை முதலாளி..."

"நாய் பூந்துச்சுன்னா வேற பாவு போட்டிருப்போம். ஒரு சேலைதானேமா. நான் இன்னா உயிரையா எடுத்துடப் போறேன்?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கையை ஓங்கியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவர் அப்படிச் சாதாரணமாகச் சொன்னபோது எனக்கு வந்த கோபம், அந்த மனுஷனைக் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று. ஆனால் நாங்கள் எங்கே அவரைக் கேட்டோம்?

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு என் வீட்டுக்காரர் போய்விட்டார். மருந்து ஏறி ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. இரண்டு நாள் முன்னால் ஆரம்பித்திருந்தால் என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவர் போன ஒன்பதாம் நாள் அகிலாவுக்கு உடம்பு கொதித்தது. வீடு நிறைய உறவுக்காரர்கள். அழுது அழுது வந்த காய்ச்சல் என்றார் ஒருவர். அப்பாவுக்கு வந்த அம்மை இவளுக்கும் இறங்குகிறது என்றார் இன்னொருவர். நான் அவள் கையைத் திருப்பிப் பார்த்தேன். மணிக்கட்டில் ஏழெட்டுச் சிவப்புப் புள்ளி. பாவாடையைத் தூக்கிப் பார்த்தேன். இடுப்பு மடிப்பில் ஒரு உண்ணி இன்னும் ஒட்டிக்கொண்டு ஊதிக் கிடந்தது.

"பதினாறு முடியாம நீ வாசப்படி தாண்டக் கூடாதுமா, ஊரு இன்னா சொல்லும்?" என்று என் பெரிய நாத்தனார் கலாவதி வழியை மறித்தாள். அவளை ஒதுக்கித் தள்ளினேன். பிள்ளையை இழுத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது.

சீட்டு எழுதுகிற இடத்திலேயே ஆரம்பித்துவிட்டேன். "வீட்ல நாய் இருந்துச்சு, உண்ணி இருக்குது, பொண்ண கடிச்சிருக்குது" என்று. பெயரைச் சொல்லுங்கம்மா முதலில் என்றான் சீட்டு எழுதுகிறவன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேரியிடம் சொன்னேன். டாக்டர் பிரியதர்ஷினி வந்து வாயைத் திறக்கும் முன்னால் அவளிடமும் சொன்னேன். அவள் என் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். உண்ணியை இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து, நேராக இழுத்து எடுத்தாள். மருந்தை அப்போதே கொடுத்தாள்.

"பயப்படாதீங்கமா. நேரத்தோட வந்துட்டீங்க" என்றாள்.

மூன்றாம் நாள் அகிலாவுக்குக் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி குடித்தாள். நான் வாயைத் துடைத்துவிட்டேன். அவள் கூரையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பாவுக்கும் இந்த மருந்துதானாமா?"

"ஆமா."

"அப்பா பொழைக்கலியே."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான்தாம்மா. நான்தான் புட்டாவ அவுத்துவுட்டேன். அம்மன் சேலைய தீட்டுப் பண்ணிட்டேன். அதனாலதான் அம்மன் அப்பாவ எடுத்துக்கிச்சு. எனக்கும் அதான் காய்ச்சல் குடுத்துச்சு" என்று விக்கி விக்கி அழுதாள். இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டுதான் அந்தச் சாக்கில் படுத்திருக்கிறாள்.

அழாதே, அப்பாவுக்கு விதி என்று சொல்லி முடித்திருக்கலாம். உறவுக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். அவளும் நம்பியிருப்பாள், பாதியாவது.

"அம்மன் ஒன்னும் பண்ணல அகிலா. நீயும் பண்ணல. வீட்ல நாய் இருக்குதான்னு மொத நாளே டாக்டர் கேட்டாங்க. நான் இல்லன்னு சொன்னேன்."

அவள் அழுகை நின்றுவிட்டது.

"ஏம்மா?"

"முதலாளி பக்கத்துல இருந்தாரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஊசி ஏறியிருந்த கையை மெதுவாக என் கைக்குள்ளிருந்து எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள்.